அம்மாவின் தொண்டைக்காக ஜெபித்தவர் யார்

என் அம்மா ஜெபிப்பதைக் கேட்டால், கடவுளுக்குக் காது சற்று மந்தம் என்று அவர் நினைத்திருப்பாரோ என்று தோன்றும். விடியற்காலையில் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, சமையலறை நாற்காலி ஒன்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு தொடங்குவார். லூனாஸில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்பவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தச் சுவர் அம்மாவின் ஜெபத்தை ஒருநாளும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா ஓட்டும் கம்பெனிப் பேருந்தின் பிரேக், என்னுடைய தேர்வு, குழாயில் தண்ணீர் நூலாக வருவது, அம்மா வேலை செய்யும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எரிவாயு பாதியில் தீர்ந்துபோவது, உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் தள்ளிக்கொண்டே போவது என எல்லாக் காரியங்களும் உரிய விவரங்களுடன், சில சமயம் கெடுவுடனும், ஆண்டவர் முன் வைக்கப்படும்.

ஆண்டவருக்கு இவையெல்லாம் முன்பே தெரியாதா என்று ஒருமுறை கேட்டேன். நான் இலக்கியம் படிப்பவள். தேவையற்ற சொல் ஒன்று கூடினாலும் உறுத்தும். அம்மா அதற்கு, தெரிந்தவரிடமும் வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும் என்றார். வாயைத் திறக்காமல் கேட்பது கேட்பதாகாது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அந்தக் கொள்கைக்கு எதிர்சாட்சியாக எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அப்பா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தோட்டத்துச் சிற்றாலயத்தில் மணியடித்து வளர்ந்தவர். திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் சபைக்கு வந்துவிட்டார் என்றாலும் அவருடைய ஜெபம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. பேருந்தில் ஏறி அமர்ந்ததும் நெற்றியையும் நெஞ்சையும் தோள்களையும் தொட்டுக்கொள்வார். கண் மூடும், திறக்கும். உதடு அசையாது. அவ்வளவுதான், சாவியைத் திருகிவிடுவார்.

"உங்கப்பா ஜெபம் மிஸ்கால் மாதிரி. அடிச்சிட்டு வச்சிடுவாரு. அங்க எடுக்கிறாங்களா இல்லையான்னுகூடப் பார்க்க மாட்டாரு" என்பார் அம்மா.

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. பஸ்ஸு ஓடுதுல்ல" என்பார் அப்பா.

இந்த இருவருக்கும் பிறந்த நான், பக்திப் பாடல்களின் சொல்லாட்சியைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன். நான்கு பேர் முன்னால் நான்கு வாக்கியம் ஜெபிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிறர் காதில் விழும்படி கடவுளோடு பேசுவது, பிறர் பார்க்கத் தலை சீவிக்கொள்வது போல எனக்கு எப்போதும் கூச்சத்தைத் தந்தது.

தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதை நான் பேச்சுவழக்காக எழுதினேன். அம்மாவுக்கு அது உண்மையாகவே நேர்ந்தது. கழுத்தில் ஒரு பக்கம் கட்டி ஒன்று புளியங்கொட்டை அளவில் தொடங்கி, எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. அறுத்து எடுத்துவிடலாம், கெட்ட கட்டி அன்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குப் பருவ விடுமுறை தொடங்கிய வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று.

இளம் மருத்துவர் ஒருவர் தாளில் படம் வரைந்து மலாயில் விளக்கினார். குரலை ஆட்டுவிக்கும் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். யார் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது சற்று அயர்ந்துவிடுமாம். சில வாரங்களில் விழிக்கலாம், மாதங்கள் ஆகலாம், பழையபடி முழுதாக விழிக்காமலும் இருக்கலாம். "சபார் யா, மாக்சிக்" என்று அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். பொறுமையாக இருங்கள் அத்தை என்கிறார் என்று புரிந்தாலும், பொறுமை அம்மாவுக்கு எளிதில் வாய்த்த குணமன்று.

வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மிதிவண்டிச் சக்கரத்தில் எங்கேயோ சிறு ஓட்டை விழுந்தாற்போன்ற ஒரு சீறல். அருகில் காதை வைத்தால் அதற்குள்ளே சொற்கள் இருப்பது தெரியும். ஓய்வு முடிந்து சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்பியவர், பிள்ளைகளை வரிசைப்படுத்த அகப்பையால் பாத்திர மூடியைத் தட்டினார். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. அவர் தட்ட வேண்டும் என்பதற்காகவே வரிசையைக் கலைத்தார்கள். வீட்டில் என்னையும் அப்பாவையும் கைதட்டிக் கூப்பிட்டார். ஒரு தட்டு எனக்கு, இரண்டு தட்டு அப்பாவுக்கு. சிரிப்பாகத்தான் இருந்தது.

விடியற்காலைதான் சிரிப்பாக இல்லை. தண்ணீர் அடுப்பில் கொதிக்கும். நாற்காலி சுவரைப் பார்க்கத் திரும்பியிருக்கும். முக்காடும் போட்டிருப்பார். பிறகு எதுவும் நடக்காது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, நாற்காலியை மேசையடியில் தள்ளிவிட்டு, வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த நிசப்தத்தின் முதல் பலி பக்கத்து வீட்டு அண்ணன். அவர் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மாற்று நேர வேலை பார்ப்பவர். கம்பெனிப் பேருந்தைத் தவறவிட்டு, மோட்டார்சைக்கிளில் பறந்து, தாமதத்துக்குத் திட்டு வாங்கினார். மறுநாள் அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர், முருகன் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகிறவர். இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஜெபத்தைத்தான் கடிகாரமாக வைத்திருந்ததாக அப்போதுதான் சொன்னார்.

"உங்கம்மா 'தகப்பனே'ன்னு ஆரம்பிச்சா நான் எந்திரிப்பேன். 'ஆமென்' சொல்றதுக்குள்ள இவரு குளிச்சு முடிச்சிருக்கணும். இப்ப பாரு, வீடே குழம்பிப் போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவின் தொண்டைக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவர் போன பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, காதோடு சீறினார்.

"சத்தம் இல்லாம எப்படிக் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. வாயைத் திறந்தா காத்துதான் வருது. நான் கேக்கிறேனா, சும்மா உக்காந்திருக்கேனான்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரிந்த மேற்கோள்கள் எல்லாம் அந்த நேரத்தில் மிகவும் அழகாக இருந்தன. அதனாலேயே அவற்றைச் சொல்ல முடியவில்லை. வெங்காயத்தை வாங்கி நான் உரித்தேன்.

இனி எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையில் எங்கள் வட்டாரத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து கைகோத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் தேவையைச் சொல்வார்கள். ஆனால் அதற்காக அவர்களே ஜெபிக்கக் கூடாது. வலப்பக்கம் இருப்பவர்தான் ஜெபிக்க வேண்டும். தன் காரியத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவர் காரியத்தைத் தான் சுமப்பது என்பது இதன் கருத்து. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அம்மாதான்.

இதில் பல நல்ல விளைவுகள் உண்டு. திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவர் எப்போதும் மழை கேட்பார். அவருக்கு வலப்பக்கம் உட்கார்பவர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவப் போகும் ஓர் அக்கா. காலையில் மழை பெய்தால் அன்றைய வேலை அவருக்குப் போயிற்று. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. "ஆண்டவரே, அண்ணன் நிலத்துக்கு மழை தாரும். சாயங்காலமா தாரும். அங்க மட்டும் தாரும்" என்று அவர் ஜெபிக்கும்போது வட்டத்தில் பலருடைய தோள்கள் குலுங்கும்.

வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. தம் முறை வரும்போது வலப்பக்கத்தவரின் கையை மெல்ல அழுத்தினால் போதும். பொறுப்பு அவருக்குப் போய்விடும். அவர் இரண்டு காரியத்தையும் சேர்த்து ஜெபிப்பார். அப்பா ஆண்டுக்கணக்காக இந்தச் சலுகையில்தான் வாழ்ந்தார். அம்மாவுக்கு வலப்பக்கம் அப்பா; அப்பாவுக்கு வலப்பக்கம் நாங்கள் கூலிம் ஆன்டி என்று அழைப்பவர். கூலிமிலிருந்து தம் சிறிய காரில் வரும் இந்த ஆன்டிக்குக் கூச்சம் என்ற சொல்லே தெரியாது. அப்பா அழுத்துவார், ஆன்டி அம்மாவின் தேவையையும் அப்பாவின் தேவையையும் ஒரே மூச்சில் ஜெபித்து முடிப்பார். அம்மாவின் குரல் போன பிறகு கூட்டத்தை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்திருந்தது.

விடுமுறைக்கு வந்த நான், மிக இயல்பாக, அப்பாவுக்கும் ஆன்டிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

தேவைகளைச் சொல்லும் நேரம் வந்தால் அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். எல்லாரும் தலையசைப்பார்கள். யாரும் அதைச் சொல்லாக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு வெளிப்படையான தேவை. அப்பா பேருந்து என்பார். சக்கரங்கள் வழுக்குகின்றன, குளிர்சாதனம் வேலை செய்வதில்லை, தொழிலாளர்கள் வியர்த்து வழிகிறார்கள். நான் தேர்வு என்பேன். பிறகு கைகோத்துக் கண்களை மூடுவோம். அப்பா என் கையை அழுத்துவார். நான் ஆன்டியின் கையை அழுத்துவேன். ஆன்டி முழங்குவார்.

இப்படிப் பல வெள்ளிக்கிழமைகள் போயின. அப்பாவின் பேருந்துக்குப் புதுச் சக்கரங்கள் வந்தன. அடுத்து, எத்தனையோ காலமாகச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்த குளிர்சாதனத்தைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தினார்கள். அம்மாவின் தொண்டையில் மட்டும் அதே சீறல்.

எங்கள் வீட்டு முறை வந்த வெள்ளியன்று, தேநீருக்கு முன்பே கிடைத்த நன்மைகளைச் சாட்சி சொல்லும் நேரத்தில், அப்பா தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். கம்பெனி பழைய பேருந்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் புதிய பேருந்தே கொடுத்துவிட்டது. இருக்கைகளின் மேல் நெகிழி உறைகூட இன்னும் பிரிக்கவில்லையாம்.

கூலிம் ஆன்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா. நாம டயர்தான் கேட்டோம். அவரு பஸ்ஸே குடுத்துட்டாரு" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். பிறகு பால் மரம் சீவும் அக்கா, தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறவர் போல மெதுவாகக் கேட்டார்.

"பஸ்ஸுக்கு இவ்வளவு நடந்திருக்கு. அக்கா தொண்டைக்கு ஏன் ஒன்னும் நடக்கல?"

"தொண்டைக்கு யாரு ஜெபிக்கிறா?" என்றார் ஆன்டி.

"நீங்கதானே ஆன்டி."

"நான் எங்க? நான் இந்தப் பிள்ளையோட பரீட்சைக்கும் அண்ணனோட பஸ்ஸுக்கும்லா ஜெபிக்கிறேன். தொண்டை அண்ணன் கையில இருக்கு."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் மிகத் தெளிவாக விளங்கியது. அப்பா என் கையை அழுத்தியபோது அம்மாவின் தொண்டை என்னிடம் வந்தது. நான் ஆன்டியின் கையை அழுத்தியபோது அப்பாவின் பேருந்தோடு தொண்டையும் சேர்ந்து போயிற்று என்று நினைத்தேன். ஆன்டியோ, நான் கூச்சப்பட்டு என் பங்கை மட்டும் தள்ளிவிடுகிறேன் என்று பேருந்தை மட்டும் ஏற்றுக்கொண்டார். அடுத்தடுத்து இரண்டு கூச்சக்காரர்கள் உட்காரக்கூடும் என்பதை அந்த ஏற்பாட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆன்டியின் முழக்கத்தில் தொண்டை இல்லை என்பதும், கண்மூடி ஆமென் சொன்ன எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. இதை நான் வரிசைக்கிரமமாக எடுத்துச் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

செம்பனை மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ இத்தனை வாரமா நாம பஸ்ஸுக்குத்தான் கூட்டம் போட்டிருக்கோம். அதான் புதுசே வந்திருச்சு" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஜெபிச்சேன்" என்றார்.

"எப்ப அண்ணே? எனக்குக் கேக்கலியே" என்றார் ஆன்டி.

"உங்களுக்குக் கேக்கிறதுக்கா ஜெபிக்கிறது?"

அப்பா யாரிடமும் இப்படிப் பேசி நான் கண்டதில்லை. ஆன்டி கோபித்துக்கொள்ளவில்லை, கோபம் அவருக்கு வராது, வாதம்தான் வரும். தாம் குறை சொல்லவில்லை என்றார். ஆனால் கூட்டமாகக் கூடுவதே ஒருவர் கேட்பதை மற்றவர்களும் சேர்ந்து கேட்கத்தானே என்றார். ஒருவர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டால் மற்றவர்கள் எதற்கு ஆமென் சொல்வது, அது தனி ஜெபம் ஆகலாம், கூட்டு ஜெபம் ஆகுமா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளை. நீயே சொல்லு. சத்தமே வராம ஜெபிச்சா அது ஜெபமா?"

வேதத்தில் பிள்ளைக்காக உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி வாதத்தில் வென்றுவிடலாம். ஆனால் நான் அம்மாவைப் பார்த்துவிட்டேன். ஆன்டி கேட்டது அப்பாவைப் பற்றி. அறையில் எல்லாருக்கும் அது அப்பாவைப் பற்றிய கேள்விதான். அம்மா ஒருவர்தான் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமில்லாதது ஜெபமில்லை என்று முடிவானால், விடியற்காலையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஆண்டுக்கணக்காக அந்தத் தீர்ப்பைச் சொல்லிவந்தவரும் அவரே. அவருடைய முகத்தில் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரின் வெளுப்பு இருந்தது.

அம்மா கையை உயர்த்தினார். அப்பாவின் கையும் கூடவே உயர்ந்தது. பேச்சுக்கு நடுவே இருவரும் கைகோத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தோம். அம்மா வாயைத் திறந்தார். எல்லாரும் முன்னால் சாய்ந்தோம்.

"அவரு ஜெபிச்சாரு. கையைப் புடிச்சிருந்தது நானு. எனக்குத் தெரியும்."

மூச்சு வாங்க நிறுத்தினார்.

"ஸ்டியரிங்கைப் புடிக்கிற மாதிரிப் புடிப்பாரு. கை வேர்த்து நனைஞ்சிடும். ஆமென் சொல்ற வரைக்கும் விட மாட்டாரு. எல்லா வாரமும்."

அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. அந்தக் கையை அம்மா மடியில் வைத்து, மேலே மற்றொரு கையையும் வைத்துக்கொண்டார்.

கூலிம் ஆன்டியை நான் அன்றுமுதல் அதிகமாக மதிக்கிறேன். அவர் தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளவில்லை, வென்றதாகவும் இல்லை. "சரி. இன்னைக்கு யாரும் வாயைத் திறக்க வேணாம். அக்கா தொண்டைக்கு மட்டும். அண்ணன் எப்படி ஜெபிப்பாரோ அப்படியே ஜெபிப்போம்" என்றார். கைகோத்தோம். ஆன்டிக்கு அது எவ்வளவு கடினம் என்பது என் இடக்கைக்குத் தெரியாவிட்டாலும் வலக்கைக்குத் தெரிந்தது. இரண்டு முறை "ஸ்தோ" என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போயிற்று. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். என் இடக்கையை அப்பா பிடித்திருந்தார். அம்மா சொன்னது உண்மைதான்; விரல்கள் வலித்தன. அந்தப் பிடிக்குள் இருந்தபடி நானும் அம்மாவின் குரலைத் திருப்பித் தரும்படி கேட்டேன். வாக்கியம் எப்படி அமைகிறது என்ற கவலை எனக்கு வரவில்லை. உண்மையில் வாக்கியமே அமையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வடை ஆறிப்போயிருந்தது. சாப்பிடும்போதும் எல்லாரும் மெதுவாகவே பேசினார்கள்.

மறுநாள் விடியற்காலை, தண்ணீர் குடிக்க எழுந்து போன நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். நாற்காலிகள் இரண்டு சுவரைப் பார்த்திருந்தன. அம்மா முக்காடிட்டு ஒன்றில். அப்பா ஓட்டுநர் சட்டையோடு மற்றொன்றில். இருவரும் பேசவில்லை. அப்பா நெற்றியையும் நெஞ்சையும் தொட்டு முடித்த பிறகும் எழவில்லை. வழக்கமான அளவைத் தாண்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் உதடுகள் அசைந்தன. நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெங்காயம் தாமதமாகத்தான் உரிக்கப்பட்டது.

குரல் வந்தது எந்த ஜெபக்கூட்டத்திலும் அல்ல. என் விடுமுறையின் கடைசிப் பகுதியில், பள்ளியின் ஓய்வு வேளையில், ஒருவன் வரிசையைத் தாண்டி மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை நோக்கிக் கை நீட்டினான். அம்மா அகப்பையைத் தேடினார். கிடைக்கவில்லை. "ஏய், வரிசையில நில்லு" என்று ஒரு குரல் கேட்டது. கட்டையாக, கரகரப்பாக, யாரோ வயதான ஆண் பேசுவது போல இருந்ததாம். அதைச் சொன்னது தாம்தான் என்று புரிய அம்மாவுக்கே சற்று நேரமானது. பிள்ளைகள் அன்று முழுக்க வரிசை குலையாமல் நின்றார்கள். அந்தப் புதுக் குரல் பழையதைவிடப் பயமாக இருந்ததாகக் கேள்வி. வீட்டுக்கு வந்து வாசலிலிருந்தே "பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து ஓடினேன். கைதட்டலுக்குப் பழகியிருந்த அப்பா, யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

மருத்துவர் நரம்பு விழித்துக்கொண்டுவிட்டது என்றார். பலருக்கு இப்படி நடப்பதுண்டு, மேல் ஸ்தாயி ஒருவேளை திரும்பாமல் போகலாம் என்றார். கூலிம் ஆன்டி, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஜெபித்ததன் பலன் என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய ஒப்புதல் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா அர்ச்சனைப் பிரசாதத்தோடு வந்து, தம் பங்கையும் மறந்துவிட வேண்டாம் என்று சிரித்தார். அப்பாவோ பேருந்தில் ஏறி அமர்ந்து வழக்கம்போல் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

எனக்கு எது எதனால் நடந்தது என்று தெரியாது. நரம்புகளைப் பற்றி எனக்கு அறிவு போதாது. மற்றதைப் பற்றி அதைவிடக் குறைவு. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். குரல் திரும்புவதற்கு முன்பே அம்மா அந்த நாற்காலியில் மறுபடியும் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அதை எங்களில் யாரும் வேண்டிக் கேட்டிருக்கவில்லை. ஜெபத்துக்கு வல்லமை உண்டு என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைப்பது அதைத்தான். புதிய பேருந்து இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் நாளில் சுங்கை பட்டாணிப் பேருந்து நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். அப்பா என் பெட்டியை ஏற்றிவிட்டு, தொழில்முறையில், சக்கரங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா என் தலைமேல் கை வைத்தார். சுற்றிலும் கூட்டம். பழைய நாட்களாக இருந்தால் என் தேர்வும், விடுதிச் சாப்பாடும், என் ஒல்லித்தனமும், இன்னும் பேச்சே எடுக்காத என் திருமணமும் அந்த நிலையம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டிருக்கும். நான் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். குரல் நன்றாகவே வந்திருந்தது. காலையில்தான் தோசை கருகியதற்குப் பக்கத்து வீடுவரை கேட்கக் கடிந்துகொண்டிருந்தார்.

சத்தம் வரவில்லை. கண்களை மூடி, என் தலையை அழுத்திப் பிடித்தபடி நின்றார். பேருந்து உறுமியது. நடத்துநர் ஏறச் சொல்லிக் கூவினார். அப்பா ஓட்டுநரின் ஜன்னலருகே போய், ஓர் ஓட்டுநர் இன்னோர் ஓட்டுநரிடம் பேசும் தோரணையில், "ரெண்டு நிமிசம்லா அண்ணே" என்றார். அவரும் தலையசைத்துக் காத்திருந்தார். அம்மா அவசரப்படவில்லை.

கையை எடுத்ததும், என்ன கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதை உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கேட்டாச்சு. ஏறு" என்றார், அந்தக் கட்டைக் குரலில்.

ஏறி உட்கார்ந்தேன். என்னவாக இருக்கும் என்று ஈப்போ தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தூங்கிவிட்டேன்.